ஷெட்டா, ஊரா என்று அண்ணன் இரண்டு முறை கேட்டார்

எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இன்று வீட்டுக்கு வந்து, அவர் படத்தின் முன் நின்று, இலையில் அமர்ந்து உண்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிச் செல்கிற உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம்.

இந்த மலரில் எழுதியிருக்கும் மற்றவர்கள் அண்ணனின் நற்குணங்களைச் சொல்லியிருக்கிறார்கள். அவை யாவும் உண்மை. அவருக்கு நேர்ந்தது என்ன என்பதை எழுதும் பொறுப்பை மட்டும் அண்ணி என்னிடம் கொடுத்தார். "ஊருல ஆளுக்கு ஒண்ணு பேசுறாங்க. நீ பக்கத்துல இருந்தவ. உள்ளத உள்ளபடி எழுதிடு" என்றார். நான் ஒரு கிளை நூலகத்தில் பணிபுரிகிறவள். பிறர் எழுதியதை அடுக்கி வைத்தே பழகிய கை இது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நல்லூருக்குத் தெற்கே, மழையை நம்பிப் பயிரிடும் ஒரு சிற்றூரில் அண்ணன் பிறந்தார். அவருக்கு எட்டு ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன். கரும்பு வெட்டப் போன இடத்தில் பாம்பு தீண்டி எங்கள் அப்பா இறந்தபோது அண்ணன் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். தேர்வை எழுதவில்லை. அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு விருத்தாசலத்துக்கு வந்து, பீங்கான் பொருள் செய்யும் ஒரு சிறு தொழிற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் களிமண் சுமந்தார். பிறகு, காய்ந்த கோப்பைகளைப் பலகையில் அடுக்கிச் சூளைக்குக் கொண்டுபோகும் வேலை கிடைத்தது. அந்தக் கூலியில் நான் கல்லூரி வரை படித்தேன். நூலக வேலை கிடைத்த அன்று தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "எந்தங்கச்சி இப்ப புஸ்தகங்களுக்கெல்லாம் அதிகாரி" என்று சொல்லிக்கொண்டு போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

அண்ணனை மல்யுத்தத்துக்கு இழுத்தது ஒரு சறுக்கல்தான். சூளையில் சுடாத பச்சைக் கோப்பைகளை வரிசையாக அடுக்கிய பலகை ஒன்றைத் தோளில் ஏந்தி வந்தவர், ஈரத் தரையில் வழுக்கினார். விழுகிறவர் எவரும் கையை ஊன்றுவார். அண்ணன் கையை ஊன்றவில்லை. உடம்பை முறுக்கி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழுந்து, பலகையை இரு கையாலும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு கோப்பைகூட உடையவில்லை. அங்கே லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர் கலியமூர்த்தி. பின்னாளில் அண்ணனின் உயிர்த்தோழர் ஆனவர். அவர் ஓடி வந்து தூக்கவில்லை.

"யோவ், இன்னொரு தரம் வுழுய்யா, சரியா பாக்கல" என்றாராம்.

"பல்லு ஒடையும், போய்யா அந்தாண்ட" என்று அண்ணன் படுத்தபடியே சொன்னாராம்.

அன்று தொடங்கிய நட்பு. டீக்கடைத் தொலைக்காட்சியில் வெளிநாட்டு மல்யுத்தக் காட்சிகளை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். கலியமூர்த்தி பிறகு சொந்தமாக ஒரு மினி லாரி வாங்கினார். மூடிக் கிடந்த ஒரு பீங்கான் கூடத்தின் ஷெட்டை அதன் உரிமையாளர் ஞாயிறுதோறும் பயன்படுத்திக்கொள்ள விட்டார். இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, பலகைக்கு அடியில் பழைய லாரிகளின் வில்பட்டைகள், மேலே பீங்கான் பெட்டிகளுக்கு வைக்கும் வைக்கோல், அதற்குமேல் தார்ப்பாய், நான்கு கம்பம், மூன்று சுற்றுக் கயிறு. மேடை அவ்வளவுதான். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆட்டம். ஊரில் அதற்கு "ஷெட்டு குஸ்தி" என்று பெயர். கூடத்தின் மூலையில் மிஞ்சிக் கிடந்த வெள்ளை மாவை மார்பிலும் கையிலும் பூசிக்கொண்டு அண்ணன் மேடை ஏறுவார். சனங்கள் அவருக்கு வைத்த பெயர் "பீங்கான்".

இதை ஒளிக்க வேண்டியதில்லை என்பதால் சொல்கிறேன். யார் வெல்வார் என்பது முன்கூட்டியே பேசி முடிவானதே. அந்தக் கதைகளை எழுதியவள் நான். யார் யாருக்குப் பகைவன், ஏன் பகை, இந்த வாரம் எப்படித் தோற்பது என்றெல்லாம் நோட்டில் எழுதிக் கொடுத்து, ஆட்டத்தின்போது மைக்கில் சொல்வதும் நானே. ஆனால் விழுவதற்குக் கதை எழுத முடியாது. விழுந்தால் விழுந்ததுதான். மரம் முதுகில் மோதும். மறுநாள் காலை அண்ணி வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்.

அண்ணனுக்கு எதிராளி அந்தோணி. ஆட்டோ ஓட்டும் பிள்ளை. அண்ணனைவிடப் பதினைந்து வயது இளையவர். மேடையில் அவர் பெயர் இரும்பன். பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் பெண்கள் முன்வரிசையில் அமர்ந்து அவரைத் திட்டுவதற்கென்றே வருவார்கள்.

"டேய் இரும்பா, வயசான மனுசன மிதிக்கிறியே, நீ நல்லா இருப்பியா?"

"நீ வேணா வாக்கா மேல, ஒன்னையும் மிதிக்கிறன்!"

"வரன்டா வரன், தொடப்பத்த எடுத்துகிட்டு வரன்!"

ஆட்டம் முடிந்ததும் அதே பெண்களை அந்தோணிதான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விடுவார். வழியில் அவர்கள் அவருக்கு வேர்க்கடலை கொடுப்பார்கள்.

பல ஆண்டுகள் இப்படிப் போயின. ஒரே இடத்தில், ஒரே கண்களுக்கு முன் ஆடுவதில் ஒரு கொடுமை உண்டு என்பதை நான் மெல்லத்தான் உணர்ந்தேன். ஷெட்டுக்கு வருகிறவர்கள் ஏறத்தாழ அதே முகங்கள். போன வாரம் பார்த்ததை அவர்கள் மறப்பதில்லை. ஒரு ஞாயிறு, முழங்கால் வீங்கியிருந்ததால் அண்ணன் மேல்கயிற்றிலிருந்து குதிக்காமல் கீழ்க்கயிற்றிலிருந்து குதித்தார். முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"போன வாரம் மேல்கயித்துலேந்து, இந்த வாரம் கீழ்கயித்துலேந்து. அடுத்த வாரம் நாக்காலியிலேந்து குதிப்பாரு போல!"

ஷெட்டே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். அடுத்த ஞாயிறு, எனக்கும் சொல்லாமல், சுவரில் ஏறி ஷெட்டின் குறுக்கு உத்திரத்தைப் பிடித்துத் தொங்கி, அங்கிருந்து இரும்பன்மீது விழுந்தார். ஷெட்டு அதிர்ந்தது. அவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் அந்த வாரம் முழுவதும் உடம்போடு சேர்த்தே திரும்பினார். அவருக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. உத்திரத்துக்கு மேலே இனி ஓடுதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் கலியமூர்த்தி ஒரு யோசனையோடு வந்தார். சுற்றுவட்டார ஊர்களில் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் ஆட்டம் போடக் கூப்பிடுகிறார்கள். மேடையைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரூராய்ப் போகலாம் என்றார். குழுவில் எதையும் முடிவு செய்பவர்கள் நாங்கள் மூவர். அன்று முற்பகல் எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தோம். அண்ணி தட்டில் இட்லி வைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, ஓட்டுப் போட்டுப்புடுவம்" என்றார் அண்ணன். "ஷெட்டா, ஊரா? நான் ஷெட்டு."

"நான் ஊரு" என்றார் கலியமூர்த்தி. "யோவ் மச்சான், நீ கெணத்துத் தவளையா இருந்தது போதும்."

"கெணத்துல தண்ணி இருக்குதுல்ல? அப்புறம் என்னாய்யா?" என்ற அண்ணன், பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். "இங்க நான் வுழுந்தா, நம்ம ஆளு வுழுந்துட்டாருன்னு பாக்குறாங்க. வெளியூர்ல போயி வுழுந்தா, எவனோ ஒருத்தன் வுழுந்தான்னுதான் பாப்பாங்க. அது சரிப்படாது." என்னைப் பார்த்தார். "நீ சொல்லு பாப்பா."

நான் பல நாள் யோசித்து வைத்திருந்த பதிலைச் சொன்னேன். "அதுதாண்ணே வேணும். அவங்களுக்கு ஒன்ன தெரியாது. போன வாரம் எங்கேந்து குதிச்சன்னு தெரியாது. தரையிலேயே நின்னு மெதுவா வுழுந்தாக்கூட அவங்களுக்குப் புதுசு. ஒரே கதைய பத்து ஊர்ல ஆடலாம். ஒங்கழுத்து பொழைக்கும். என் ஓட்டு ஊருக்கு."

அண்ணன் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். "என் கழுத்துக்கோசரமா ஓட்டு போட்ட ஆளு நீ ஒருத்திதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு இட்லியைப் பிட்டார். அதன்பின் ஒருபோதும் அந்த முடிவைக் குறைசொல்லவில்லை. தோற்ற ஓட்டை மனத்தில் வைத்துக்கொள்ளும் வழக்கம் அவரிடம் கிடையாது.

வெளியூர்களுக்கென்று நான் ஒரே ஒரு கதை எழுதினேன். அதை விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். கதை எளியது. இரும்பன் பீங்கானைத் தூக்கி எறிவார். பீங்கான் அசையாமல் கிடப்பார். இரும்பன் மேடையைச் சுற்றி வந்து வீம்பு பேசுவார். நான் மைக்கில், "பிள்ளைகளே, பீங்கான் எழுந்திருக்கணுமா? கூப்பிடுங்க!" என்பேன். குழந்தைகள் கத்துவார்கள். எழமாட்டார். இரண்டாம் முறை கூப்பிடச் சொல்வேன். எழமாட்டார். மூன்றாம் முறை கூப்பிடும்போது வலக்கையின் ஒரு விரல் உயரும். பிறகு கை. பிறகு பீங்கான் எழுந்து இரும்பனை வீழ்த்துவார். பார்ப்பவர்களுக்கு அது கதையின் உச்சம். எனக்கோ அது அண்ணனுக்கு நான் திருடிக் கொடுத்த ஓய்வு. ஆட்டத்தின் நடுவே அவர் உடம்பு சில நிமிடங்கள் சும்மா கிடக்கட்டும் என்பதற்காகவே அந்தக் கிடையை எழுதினேன். இந்த உள்நோக்கத்தை அண்ணனிடமும் சொல்லவில்லை. சொன்னால் எழுந்துவிடுவார்.

முதல் சில ஊர்களில் எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. ஒவ்வோர் ஊரிலும் அண்ணன் மேடையைப் பூட்டி முடித்தவுடன் நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து முறை தாமே விழுந்து பார்ப்பார். பிறகுதான் மற்ற ஆட்டக்காரப் பிள்ளைகளை ஏறவிடுவார். குழந்தைகள் தொண்டை வறளக் கத்தினார்கள். அவர் முழங்கால் வீக்கம் வடிந்தது. "பாப்பா, நீ கெட்டிக்காரி" என்று வண்டியில் திரும்பும்போது ஒருநாள் சொன்னார். அந்த வார்த்தையை நான் மிகுந்த பெருமையோடு வைத்திருந்தேன்.

காணும் பொங்கல் அன்று ஸ்ரீமுஷ்ணத்தைத் தாண்டி ஓர் ஊருக்குப் போனோம். அறுவடை முடிந்த வயலில் மேடை. மதியம் அண்ணன் ஐந்து முறை விழுந்து பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. ஷெட்டில் சிமெண்டுத் தரை. அங்கே நான்கு கால்களும் என்றைக்கும் நின்ற இடத்தில் நிற்கும். இந்த வயலில், ஒரு காலுக்கு அடியில் எப்போதோ தோண்டி மூடிய குழி ஒன்று இருந்தது எங்களுக்குத் தெரியாது. ஊர்க்காரர்களுக்கும் நினைவில்லை. எவரையும் குறைகூற இதை எழுதவில்லை. முதலில் ஆடிய இரண்டு இளைஞர்களின் எடையில் அந்தக் கால் மெல்ல இறங்கியது. தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பலகை சட்டத்தை விட்டு நழுவி, அதன் முனை மேலே எழுந்து நின்றது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

அந்தோணி தூக்கினார். எறிந்தார். ஒத்திகையில் எத்தனையோ முறை செய்ததைத்தான் செய்தார். அண்ணனும் எப்போதும் போல முதுகு படும்படி விழுந்தார். பலகையின் முனை கழுத்தில் பட்டது.

அவர் அசையாமல் கிடந்தார். கதையும் அதுதான்.

நான் கூப்பிடச் சொன்னேன். பிள்ளைகள் கத்தினார்கள். இரண்டாம் முறை சொன்னேன். மூன்றாம் முறை சொன்னேன். விரல் உயரவில்லை. அப்போது என் மனத்தில் என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அண்ணனே இன்று ஓய்வை நீட்டிக்கொள்கிறார், நல்லதுதான், இன்னும் கொஞ்சம் படுத்திருக்கட்டும் என்று மகிழ்ந்தேன். நான்காம் முறை கூப்பிடச் சொன்னேன். "பத்தலை, இன்னும் சத்தமா!" என்றேன். ஊரே சேர்ந்து "பீங்கான், பீங்கான்" என்று கத்தியது. ஐந்தாம் முறையும் சொன்னேன். அந்தோணி வீம்பு பேசியபடியே அருகில் வந்து, குனிந்து, "ண்ணே, போதும், எழுந்திரு" என்று மெல்லச் சொல்லியிருக்கிறார். பிறகு மண்டியிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, மைக்க வைக்கா. அண்ணே அழுவுறாரு."

ஷெட்டாக இருந்தால் மூன்றாம் முறைக்கே முன்வரிசைப் பெண்கள் எழுந்து ஓடி வந்திருப்பார்கள். எத்தனை நேரம் அவர் கிடப்பார், எப்போது எழுவார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்த ஊரில் அவரை அறிந்தவர்கள் நாங்கள் சிலரே. அறிந்தவர்களில் ஒருத்தியாகிய நான் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் அவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றியபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அதுவும் கதை என்றே எண்ணிவிட்டார்கள். கழுத்தில் அடிபட்டவரை அப்படித் தூக்கியிருக்கக் கூடாது என்று மருத்துவர்கள் பிறகு சொன்னார்கள்.

புதுச்சேரியில் சில வாரங்கள் மருத்துவமனையில் இருந்தார். பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கழுத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பேச்சு இருந்தது. அவருடைய பேச்சு முழுவதும் இருந்தது. அந்தோணி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து அவருக்கு முகச்சவரம் செய்துவிடுவார். முதல் வெள்ளியன்று கத்தியைப் பிடித்தபடி தேம்பி அழுதார்.

"டேய் இரும்பா, கத்திய கீழ வெச்சிட்டு அழுவு. மிச்சம் மீதி இருக்கிறதும் இந்தக் கழுத்துதான்" என்றார் அண்ணன்.

அந்தோணி அழுகையினூடே சிரித்துவிட்டார்.

ஒரு பிற்பகல், அண்ணி கடைக்குப் போயிருந்த வேளையில், நான் அந்தக் கிடையை ஏன் எழுதினேன் என்பதையும், நான்காம் முறை ஏன் கூப்பிடச் சொன்னேன் என்பதையும் அண்ணனிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் காதுல வுழுந்துது பாப்பா" என்றார். "மொதல்ல வெளங்கல. கை வரமாட்டேங்குதேன்னு பாத்துகிட்டே கெடந்தன். நாலாவது தரம் நீ சொல்றப்ப, இன்னைக்கி பாப்பா நல்லா பேசுதுன்னு நெனச்சன்."

 

புரட்டாசியில், அவர் உடல் இளைத்துக்கொண்டே வந்த நாட்களில், கலியமூர்த்தி வந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். மேடை கலியமூர்த்தியின் வீட்டுக் கொல்லையில் கழற்றியபடி கிடந்தது. அதை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. அண்ணன் திடீரென்று, "இன்னொரு ஓட்டு போடுவம். ஷெட்டா, ஊரா? பாப்பா, நீ சொல்லு" என்றார்.

"ஷெட்டு" என்றேன்.

"கலியா?"

"ஷெட்டுதான் மச்சான். இனிமே எந்த ஊருக்கும் நான் வண்டிய எடுக்கமாட்டன்."

"ரெண்டு பேரும் கட்சி மாறிட்டீங்களா?" அண்ணனின் முகத்தில் பழைய குறும்பு வந்தது. "அப்ப நானும் மாறுறன். ஊரு."

"எதுக்குண்ணே?" என்றேன்.

"ஷெட்டுல எவன் என்னைக் கூப்புட்டான்? எப்படியும் நான் எழுந்திரிப்பன்னு அவனுங்களுக்குத் தெரியும், சும்மா பாத்துகிட்டு இருப்பானுங்க. ஊரு ஊரா புள்ளைங்க கூப்புட்டுதுங்க பாரு, நெசமாவே நான் செத்துட்டன்னு நெனச்சி. ஒருத்தன் எழுந்திரிக்கணும்னு அம்மாம் பேரு கத்தி நான் கேட்டதில்ல. நல்லாத்தான் இருந்துச்சு."

அது உண்மையா, என்னை ஆற்றுவதற்காகச் சொன்னதா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மேடையில் மட்டுமே நடிப்பவர் என்று அண்ணனை நம்பியிருந்தேன். கட்டிலில் கிடந்தவரின் முகத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தும் என்னால் படிக்க முடியவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று ஷெட்டு வென்றது. அண்ணன் மறுபடியும் தோற்றார்.

கார்த்திகை மழையில் காய்ச்சல் கண்டு சளி நெஞ்சில் இறங்கியது. படுக்கைப் புண் வராமல் இருக்க அண்ணி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டி விடுவார். புரட்டும்போதெல்லாம் "வலிக்குதாங்க?" என்று கேட்பார். வலி தெரியாத உடம்பு என்பது அண்ணிக்குத் தெரியும். ஆனாலும் பத்து மாதமும் கேட்டார். அண்ணனும் ஒவ்வொரு முறையும் "இல்லம்மா" என்பார். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் இடப்பக்கமாகப் புரட்டியபோது அண்ணி கேட்டார். பதில் வரவில்லை. அண்ணி மறுபடி கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மருத்துவமனையில் எங்களைக் கடிந்துகொள்ளாமல் எல்லாவற்றையும் இருமுறை விளக்கிச் சொன்ன செவிலியர்கள். முறை வைத்துக்கொண்டு வந்து பகலில் அண்ணன் அருகே அமர்ந்து ஊர்க்கதை பேசிய பொம்மைக் கூடத்துப் பெண்கள். ஷெட்டின் சாவியைத் திருப்பிக் கேட்காமலே இருந்த அதன் உரிமையாளர். நான் வராத நாட்களில் என் மேசையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட நூலகத் தோழிகள். அந்தோணி, கலியமூர்த்தி இருவருக்கும் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் சொல்லவில்லை. அண்ணன் படுக்கையில் இருந்த நாட்களில், அந்தக் காணும் பொங்கல் ஊரிலிருந்து நான்கு பேர் புது அரிசி மூட்டையோடு வந்து, உள்ளே வரத் துணியாமல் தெருவிலேயே வெகுநேரம் நின்றார்கள். அண்ணி போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.  அண்ணன் அவர்களிடம் இந்த வருடம் மணிலாக்கொட்டை எப்படி விளைந்தது என்று கேட்டார். அவர்களுக்கும் எங்கள் நன்றி.

இனி, குழுவைப் பற்றிப் பலரும் கேட்பதால் அதையும் தெரிவித்துவிடுகிறேன். அந்தக் காணும் பொங்கலுக்குப் பிறகு ஆட்டம் எதுவும் இல்லை. ஷெட்டு என்று ஓட்டுப் போட்ட நானும் கலியமூர்த்தியும் ஷெட்டைத் திறக்கவே இல்லை. சென்ற மாதம் இளைய பிள்ளைகள் வந்து, ஆடுவதா கலைவதா, ஒரு முடிவு சொல்லுங்கள் என்று கேட்டார்கள். மூன்றாவது ஓட்டுக்கு ஆள் இல்லை. அண்ணனின் இடத்தில் அண்ணியைக் கேட்பதுதான் முறை என்று தோன்றியது.

அண்ணி ஆட்டம் பார்க்க வருவதே இல்லை. திருமணமான புதிதில் ஒரே ஒரு முறை வந்தார். அண்ணனை எதிராளி தூக்கி எறிந்ததைப் பார்த்ததும் கயிற்றுக்குள் நுழைந்து, கையிலிருந்த ஒயர் கூடையால் அந்த ஆளின் தலையிலேயே அடித்துவிட்டார். கதை கெட்டது, ஷெட்டு வயிறு குலுங்கச் சிரித்தது. "இவளுக்கு நடிப்புன்னா என்னான்னே தெரியாது, வூட்டுலயே இருக்கட்டும்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். அதன்பின் அண்ணி வரவில்லை.

"அவரு கடைசியா ஊருன்னாரு" என்றார் அண்ணி. "ஊருக்கே போங்க. ஆனா வண்டியில எனக்கு ஒரு எடம் போடுங்க. நான் முன்னாடி வந்து குந்திக்கிறன். ஒங்க கதையெல்லாம் எனக்குத் தெரியாது. எவன் வுழுந்தாலும் எனக்கு வுழுந்த மாரிதான் தெரியும்."

நான் என் ஓட்டை மாற்றிக்கொண்டேன். கலியமூர்த்தி வண்டிக்கு எண்ணெய் போட்டுவிட்டார். யாரும் அசையாமல் கிடக்கும் கதை எதையும் இனி நான் எழுதப்போவதில்லை. ஒரு பித்தளை மணி வாங்கி அண்ணியிடம் கொடுத்திருக்கிறோம். அது அடித்தால் மேடையில் இருப்பவர்கள் அந்த இடத்திலேயே நிற்பார்கள். நான் மைக்கைக் கீழே வைத்துவிடுவேன்.

தை பிறந்ததும் புறப்படுகிறோம். இதைப் படிக்கும் உங்களில் எவரேனும் எங்கேனும் ஓர் ஊரில் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க நேர்ந்தால், மனம்விட்டுச் சிரியுங்கள், திட்டுங்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக் கத்தச் சொல்லுங்கள். முன்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து மணி அடித்தால் மட்டும், ஆட்டம் எவ்வளவு சுவையான இடத்தில் இருந்தாலும், தயவுசெய்து கைதட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

கண்ணீருடன்,
தங்கை